செல்ஃப் ஸ்டார்ட்டர் யாருக்காக வந்தது?

1912ஆம் ஆண்டுக்கான காடிலாக் மோட்டார் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அதைப் பற்றி எழுதுவோர் பலரும், பெண்கள் வண்டியோட்ட அதுவே வழி திறந்தது என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகின்றனர். பொறியியல் வரலாறு எழுதுவோரும் பாலின ஆய்வாளரும் ஒரே பிழையில் உடன்படுவது அரிது. இங்கே சிலர் உடன்பட்டிருக்கின்றனர்.

கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பியதில் இருந்த பேரிடர் உடல்வலிமைக் குறைவால் வந்ததன்று. தீப்பொறி எழும் நேரத்தை அக்கால ஓட்டுநரே ஒரு நெம்புகோலால் மாற்றியாக வேண்டும். எஞ்சின் விரைந்து சுழலும்போது பொறி முந்தி வர வேண்டும். கிளப்பும்போது பிந்தி வர வேண்டும். நெம்புகோலை மாற்ற மறந்து கைப்பிடியைச் சுழற்றினால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே கலவை எரிந்து அதைப் பின்னோக்கித் தள்ளும். கைப்பிடி எதிர்த்திசையில் வெட்டித் திரும்பி மணிக்கட்டை முறிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கைப்பிடியை அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்ற பாடம் இந்த அச்சத்தில் பிறந்ததே. மல்லனின் எலும்பும் இதில் முறியும். மறதிக்கு ஆண் பெண் வேறுபாடு உண்டோ?

பெண்கள் ஸ்டார்ட்டருக்காகக் காத்திருந்ததாகவும் தெரியவில்லை. 1909இல் ஆலிஸ் ராம்சே நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை மாக்ஸ்வெல் வண்டியை 59 நாட்களில் ஓட்டிச் சென்றார். உடன் சென்ற மூன்று பெண்களுக்கும் ஓட்டத் தெரியாது. அந்த வண்டி கைப்பிடி சுழற்றிக் கிளப்ப வேண்டிய வண்டி.

இதைவிட உறுத்துவது வேறொன்று. கார்புரேட்டருக்குச் செல்லும் காற்றின் அளவையும் தொடக்கத்தில் ஓட்டுநரே கையால் திருத்திக்கொண்டிருந்தார். பனார் லெவாசோர் நிறுவனத்தின் ஆர்தர் கிரெப்ஸ் 1902இல் அந்த வேலையை எஞ்சினின் உறிஞ்சலிடமே ஒப்படைத்தார். ஓட்டுநரின் சுமையைக் குறைத்த அந்த மாற்றத்தை எவரும் பெண்களுக்கான சலுகை என்று எழுதுவதில்லை. அது அறிவியல் முன்னேற்றம் எனப்படுகிறது. அதே வரிசையில் வந்த ஸ்டார்ட்டர் மட்டும் ஏன் சலுகையாயிற்று?

விளம்பரங்கள் பெண்களை நோக்கிப் பேசின என்பது மெய். ஆனால் விற்பவரின் பேச்சு வேறு, கண்டுபிடிப்பின் காரணம் வேறு. கெட்டரிங் முன்பு கல்லாப்பெட்டி இயந்திரத்திற்கு மின்மோட்டார் பொருத்தியவர். சிறிய மோட்டாரும் சில நொடிகளுக்கு அளவுமீறிய சுமையைத் தாங்கும் என்ற அறிவை அங்கிருந்தே கொண்டுவந்தார். காடிலாக்கில் எஞ்சினைக் கிளப்பிய மோட்டாரே பின்னர் மின்னாக்கியாகி, மின்கலத்தை நிரப்பி, விளக்குக்கும் பற்றவைப்புக்கும் மின்சாரம் தந்தது. வண்டியின் மின்னமைப்பையே மாற்றிய இந்த ஏற்பாட்டை மென்மையான கைகளுக்கான உதவியாகச் சுருக்குவது வரலாறு ஆகாது.

ஃபோர்டு மாடல் டி 1919 முதல் ஸ்டார்ட்டருடன் கிடைத்தது. எனினும் தீப்பொறி நெம்புகோல், 1927இல் உற்பத்தி நிற்கும்வரை ஸ்டியரிங்கின் இடப்பக்கத்திலேயே இருந்தது. அவ்வண்டியை ஓட்டிய பெண்கள் அதையும் நாள்தோறும் இயக்கினர். சலுகைக் கதை சொல்வோர் அந்த நெம்புகோலை எங்கே வைக்கப்போகின்றனர்?