பழைய வேட்டியில் ஒரு பாராசாரி!

லீவுக்கு மேல்மலையனூர் வந்த பேரனைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். வீடு திரும்பியதும், ‘ராஜா தேசிங்கு குதிரை வேணும்’ என்று ஒரே அடம்.

தாத்தாவின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, குதிரை வடிவில் வெட்டி, ஓரம் தைத்து, இலவம் பஞ்சு அடைத்தேன். பிடரிக்கு உல்லன் நூல். கைக்குழந்தை உள்ள வீட்டில் பட்டன் வேண்டாம்; கண்ணையும் நூலாலேயே தைத்துவிடுங்கள்.

தைத்தபடியே கதை சொன்னேன். 1714-ல் ஆற்காடு நவாபை எதிர்த்து மாண்டவர் தேசிங்கு. கதைப்பாடலில் அவர் குதிரை பாராசாரி. நண்பன் முகமது கானோ கல்யாணத்தையே விட்டுவிட்டு, நீலவேணி என்ற குதிரையில் ஓடிவந்து, அதே போரில் உயிர்விட்டான்.

பேரன் யோசித்தான். “அப்போ நீலவேணியும் தைச்சுக் குடு பாட்டி... என் ஃப்ரெண்டுக்கு!”

என் நீலப் புடவையைக் கையில் எடுத்துவிட்டேன்.