கருவியை ஒளிக்க மாட்டோம்
கொள்கைப் பிரகடனம்

தமிழில் கதையும் கவிதையும் எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், இதழ் நடத்துகிறவர்கள் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் பலர் செயற்கை நுண்ணறிவைத் தினமும் பயன்படுத்துகிறோம். சிலர் அதைத் தொடுவதே இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முதல் கொள்கை இது: பயன்படுத்தினால் வாசகரிடம் சொல்லிவிட வேண்டும்.

2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதாகவா இலக்கியப் பரிசை வென்ற எழுத்தாளர் ரியே குடான், தம் நாவலில் ஏறத்தாழ 5 சதவீதம் சாட்ஜிபிடி தந்த வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன என்று தாமே சொன்னார். நாவலுக்குள் ஓர் இயந்திரம் பதில் பேசுகிறது. அந்த இடங்களுக்கு இயந்திரத்தின் குரலையே எடுத்துக்கொண்டார். சர்ச்சை எழுந்தது, பரிசு நிலைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க அறிபுனை இதழான கிளார்க்ஸ்வேர்ல்டுக்கு இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்தன. புதிய கதைகள் வாங்குவதையே அந்த இதழ் சில காலம் நிறுத்திவைத்தது. முதல் கதையை அனுப்பக் காத்திருந்த இளம் எழுத்தாளருக்கு அங்கே கதவு அடைபட்டது. அந்த அநியாயம் தமிழ்ச் சிற்றிதழ்களில் நடக்க விடமாட்டோம்.

எங்கள் பெரிய கவலை பேச்சுமொழி. நேரங்கழித்து வந்த பேரனைத் திருநெல்வேலிப் பாட்டி திட்டுவதாக எழுதச் சொன்னால், "நீ ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய்?" என்று இயந்திரம் தந்துவிடுகிறது. "ஏலே, எங்கலே போயித் தொலைஞ்ச? வெள்ளன வான்னு சொன்னேம்லா" என்கிற பாட்டியை அதில் காணோம். இலக்கணப் பிழை ஏதும் இல்லாததால் அவசரத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும்; ஆபத்தே அதுதான். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாக்கினார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களைத் தொகுத்தார். அந்த உழைப்பை மதிக்கிற நாங்கள், பாத்திரங்களின் பேச்சை இயந்திரத்தின் கையில் கொடுக்க மாட்டோம். இயந்திரம் ஒற்றுப்பிழை பார்க்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோன மாமா ஒன்பதாம் அத்தியாயத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லட்டும். அதற்கு நன்றியோடு பயன்படுத்துவோம்.

ஏ. ஆர். ரகுமான் 'லால் சலாம்' படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். குரலுக்குக் கிடைத்த மரியாதை எழுத்துக்கும் வேண்டும். எழுத்தாளரின் சம்மதமும் அவருக்குரிய பணமும் இல்லாமல் எந்தப் பதிப்பகமும் அவர் நூலை இயந்திரப் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொருவர் நடையில் எழுதித் தரும்படி நாங்களும் இயந்திரத்தைக் கேட்க மாட்டோம்.

ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது என்பதை ஒப்பந்தத்தில் பெற்றார்கள். நம் சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வசனம் எழுதுகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெயர்கூடப் போடப்படாத உதவி எழுத்தாளர்களுக்கு, அதே பாதுகாப்பைக் கோருகிறோம்.

இதழாசிரியர்களே, அடுத்த இதழிலிருந்தே ஒவ்வொரு படைப்பின் கீழும் ஒரு வரி அச்சிடுங்கள்: எந்தக் கருவி, எந்த வேலைக்கு. பரிசு வழங்கும் அமைப்புகள் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கட்டும். வாசகர்களே, உண்மையைச் சொன்ன எழுத்தாளரை ஏளனம் செய்யாதீர்கள். படைப்பைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.