கைக்கு இசைந்த கழுத்து

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெடுங்காலம் சங்கரன்கோவில் தாலுகாவோடு சேர்ந்திருந்த எங்கள் ராயகிரியிலும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலும், கோயில் கொடை வந்துவிட்டால், வில்லுப்பாட்டுக்கும் நையாண்டி மேளத்துக்கும் அடுத்தபடியாக ஜனங்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது மெல்லிசைக் கச்சேரியைத்தான். அந்த மேடையின் ஓரத்தில் நின்று, இளையராஜாவின் பாட்டுகளில் பிராணன் போல் ஓடும் கிட்டார் சங்கதிகளை நடுநிசி கடந்தும் வாசிக்கிற இளைஞனைப் பார்த்து, தாமும் அவ்வாறு வாசிக்கவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் இங்கே பலர். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் எங்களுக்குத் தூரமில்லை. சங்கீத மோகம் இந்த மண்ணுக்குப் புதியதன்று. அந்த ஆசையை நான் பெரிதும் மதிக்கிறேன். மதிப்பதனாலேயே, பிள்ளைகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக்கொடுக்கும் பெற்றோர்கள் அறியாமல் செய்துவிடுகிற ஒரு பிழையைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

வர்ணத்தைப் பார்க்கிறார்கள், பெயரைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். வாசிப்பவனின் இடக்கை தன் வாழ்நாளெல்லாம் பற்றிக்கொண்டிருக்கப்போகிற அந்தக் கழுத்தை, வாத்தியக்காரர்கள் ‘நெக்’ என்று சொல்லும் அந்த மரத்தண்டை, யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

என் தங்கை மகனுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு கிட்டார் தபாலில் வந்தது. பளபளக்கும் சிவப்பு, பெட்டியைப் பிரித்த அன்று வீடே திருவிழாக் கோலம் பூண்டது. மூன்று மாதத்தில் அவனுடைய கட்டைவிரலின் அடிமூட்டில் வலி கண்டது. சோம்பல் என்று நாங்கள் கடிந்துகொண்டோம். இரண்டு வருஷங்கள் கழித்து, கச்சேரிக்கு வந்த கிட்டார்க்காரர் ஒருவர், ஜப்பானில் செய்யப்பட்ட தம்முடைய பழைய வாத்தியத்தை அவன் மடியில் வைத்தபோது, அவன் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திராமல் வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான், குற்றம் பிள்ளையிடம் இல்லை, அவன் கைக்கு மிஞ்சிய பருமனுள்ள கழுத்தில் இருந்தது என்பது எனக்கு விளங்கிற்று. கடிந்துகொண்ட அந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

கழுத்தின் சூட்சுமம் மில்லிமீட்டர்களில் இருக்கிறது. வீணையைப் போலவே கிட்டாரிலும் மெட்டுகள் உண்டு. முதல் மெட்டின் அருகே கழுத்தின் கனம் என்ன என்பதே முதற் கேள்வி. ஜப்பானின் ஐபனெஸ் நிறுவனத்தார் 1987-இல் ஆர்ஜி வரிசையில் கொண்டுவந்த ‘விஸார்ட்’ கழுத்து அவ்விடத்தில் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான். வேகமாக ஓடும் விரல்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மெலிந்ததெல்லாம் சௌகரியம் என்று கொள்ளலாகாது. அகன்ற உள்ளங்கை உடையவர் இரவு முழுதும் தாளக் கட்டுகளைப் பிடிக்கவேண்டியிருந்தால், கட்டைவிரலுக்கு ஊன்ற இடம் தரும் சற்றே தடித்த கழுத்தே அவருக்கு இதம். கம்பியின் நீளமும் கவனிக்கத்தக்கது: 648 மில்லிமீட்டர் ஒரு மரபு, 628 மில்லிமீட்டர் மற்றொரு மரபு. சிறிய கைகளுக்குப் பின்னது இணங்கும், மெட்டுகள் நெருங்கி நிற்பதால்.

நம்முடைய சங்கீதத்துக்கு இன்னொரு விசேஷத் தேவையும் உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகங்களை வரவழைத்ததை நாம் கேட்டிருக்கிறோம். கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னாவையும் கேட்டிருக்கிறோம். மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை உயர்த்துகிறபோது, விரற்பலகை அதிகமாக வளைந்திருந்தால், இழுத்த கம்பி அடுத்த மெட்டில் இடித்து நாதம் மடிந்துபோகும். பழைய அமெரிக்க வாத்தியங்கள் சிலவற்றில் அந்த வளைவின் ஆரம் 184 மில்லிமீட்டர். ஐபனெஸ் ஆர்ஜி வகைகளில் பெரும்பாலும் அது 400 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை, ஆகவே பலகை ஏறக்குறைய தட்டையாகவே இருக்கிறது. தோடியோ சஹானாவோ வாசிக்க விழையும் பிள்ளைக்கு இந்த எண் எந்தப் பெயரையும்விட முக்கியமானது என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானிய வாத்தியங்களை நான் சிபாரிசு செய்வது மோகத்தினாலன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் காணும் யமஹாவின் சின்னம் மூன்று இசைக்கவைகள் என்பதும், அந்த நிறுவனம் 1887-இல் ஹமமாட்சு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆர்மோனியம் போன்ற வாத்தியத்தைப் பழுதுபார்த்த ஒரு தொழிலாளியிடமிருந்து தோன்றியது என்பதும் பலருக்குத் தெரியாது. மலைகள் சூழ்ந்த மட்சுமோட்டோ நகரத்தில் 1960-இல் தொடங்கிய ஃபுஜிகென் தொழிற்சாலை, ஐபனெஸுக்காக அமெரிக்க வாத்தியங்களைப் பார்த்துச் செய்யக் கற்று, 1977-இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்ஸனின் தரப்பார் ஐபனெஸின் அமெரிக்கக் கிளைமீது வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அந்த வித்தையில் தேர்ந்து, 1982-இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனமே தன் பெயரில் ஜப்பானில் கிட்டார் செய்ய நாடிவரும் நிலையை எய்திற்று. மெட்டுகளின் ஓரங்களை விரலுக்கு உறுத்தாமல் தேய்க்கிற அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் ஜப்பானிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருப்பதனாலேயே வாத்தியம் ஜப்பானில் செய்யப்பட்டதாகாது. ஐபனெஸின் ‘பிரெஸ்டீஜ்’ வரிசை ஜப்பானில் உருவாவது. ‘பிரீமியம்’ வரிசை இந்தோனேசியாவில். சென்னைக்கு அருகே 2019 முதல் யமஹாவின் தொழிற்சாலை இயங்கி, கீபோர்டுகளையும் அக்கூஸ்டிக் கிட்டார்களையும் செய்துவருகிறது. பிற தேசங்களில் செய்தவை யாவும் தாழ்ந்தவை என்று சொல்லமாட்டேன். ஜப்பானில் செய்ததற்கான விலையைக் கொடுப்பவர், வாத்தியத்தின் பின்புறத்தில் பொறித்திருக்கும் தேசத்தின் பெயரைப் படித்துவிட்டுக் கொடுக்கவேண்டும்.

எங்கள் சீதோஷ்ணத்தையும் மறக்கக்கூடாது. சித்திரை வெயிலில் மரம் வறண்டு சுருங்கும்போது மெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டி விரலைக் கீறும். குற்றாலச் சாரல் காலத்தின் ஈரக்காற்றில் கழுத்து சற்றே வளைந்து கம்பிகள் எழும்பும். கழுத்தினுள்ளே ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கி இந்த வளைவைச் சரிசெய்யலாம். அது தடையின்றித் திரும்புகிறதா என்று, பழைய வாத்தியமாயின் அவசியம், கடையிலேயே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கழுத்தின் பின்புறத்தில் கண்ணாடிபோல் வார்னிஷ் பூசியிருந்தால் வியர்த்த உள்ளங்கை அதில் ஒட்டிக்கொள்ளும். மங்கலான மெருகே இந்தப் பிரதேசத்துக்கு உகந்தது.

ஆகவே தபாலுக்குக் காத்திராமல், மதுரைக்கோ, வசதியிருந்தால் 1842 முதல் நடந்துவரும் சென்னை அண்ணா சாலை மியூஸி மியூசிக்கல் வாத்தியக் கடைக்கோ, பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே உட்கார்ந்து அரைமணி நேரமாவது அவன், அல்லது அவள், வாசிக்கட்டும், நின்றுகொண்டும் வாசிக்கட்டும், கட்டைவிரல் எங்கே தங்குகிறது என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால், பிள்ளையின் இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.