அந்த வெண்டைச் செடியைப் பிடுங்கிடுங்க

வீட்ல மாடித்தோட்டம் இருக்கா? அப்போ இந்த போட்டோ உங்களுக்கும் வாட்ஸ்அப்ல வந்திருக்கும். மஞ்சள் அடிச்ச ஒரு இலை, கீழ "இது என்னடா?"ன்னு அம்மாவோட ஒரு வரி.

எனக்கு வந்தப்போ மெஸ்ல வரிசையில நின்னுட்டு இருந்தேன். இலை மஞ்சளானா நைட்ரஜன் குறைவு, ஸ்கூல்ல படிச்சதுதானே? "கொஞ்சம் யூரியா போடும்மா"ன்னு அனுப்பிட்டு அதோட மறந்துட்டேன். மொத்தம் 12 வெண்டைச் செடி. மூணு வாரம் கழிச்சு ஊருக்குப் போனா, 9 செடி மஞ்சள். காய்ச்சதும் வெளிறிப்போய், நார் நாரா இருந்துச்சு.

விடை அந்த போட்டோவிலேயே இருந்தது. நைட்ரஜன் குறைஞ்சா அடியில இருக்குற பழைய இலை முழுசா வெளுக்கும். இரும்புச்சத்து குறைஞ்சா குருத்து இலை மஞ்சளாகும், ஆனா நரம்பு பச்சையாவே நிற்கும். எங்க வெண்டையில நேர் எதிர். நரம்பு மஞ்சள், நடுவுல பச்சை. இதுக்குப் பேர் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். காரணம் வைரஸ். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோறது, இலைக்கு அடியில உட்கார்ந்து சாறு உறிஞ்சுற வெள்ளை ஈ.

நோய் வந்த செடியை எந்த உரமும் எந்த மருந்தும் குணமாக்காது. அதனால என் கருத்து இதுதான்: முதல் செடியிலேயே பிடுங்கணும். பிடுங்கி, பையில கட்டி, தோட்டத்தை விட்டே அப்புறப்படுத்தணும்.

"பூ வெச்சிருக்கேடா, பாவம்"னு வீட்ல சொல்வாங்க. விதை போட்டு, தினமும் தண்ணி ஊத்தினவங்க அவங்க. அந்த வருத்தம் நியாயம்தான். ஆனா அந்த ஒரு செடி நிற்கிற ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிக்கு ஆபத்து.

இன்னொரு பக்கம், "கடையில ஸ்ட்ராங்கா ஒரு மருந்து கேட்டு வாங்கி அடி"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக்கூடாதுன்னு 2005லயே மத்திய அரசு தடை போட்டாச்சு. விஷமில்லாத காய் வேணும்னுதானே மாடியில பையை வெச்சோம்?

மீதிச் செடிகளைக் காப்பாத்த வழி இருக்கு. மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடலாம். ஒரு லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி தெளிக்கலாம். சுத்தி இருக்குற களையை எடுக்கணும். அடுத்த தடவை, இந்த நோயைத் தாங்குறதுக்காகவே பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின அர்கா அனாமிகா மாதிரி ரகத்தை வாங்கலாம்.

இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைன்னு நம்பித்தான் நம்மகிட்ட கேட்கிறாங்க. அதனால அடுத்த போட்டோ வந்தா உடனே பதில் தட்டாதீங்க. பழைய இலையா, புது இலையா? நரம்பு என்ன கலர்? இலையைத் திருப்பி இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நான் கேட்டிருந்தா, இந்த லீவுக்கு எங்க வீட்ல வெண்டைக்காய்ப் பொரியல் இருந்திருக்கும்.