அடுத்த வீட்டில் நம் குழந்தை



பனி கலையாத வைகறை. இங்கிலாந்து நாட்டின் தொழில் நகரமொன்றில் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. ஆலைக்குச் செல்லும் தாய் ஒருத்தி, போர்வையில் பொதிந்த குழந்தையுடன் விரைந்து நடக்கின்றாள். ஒரு வீட்டின் கதவைத் தட்டிக் குழந்தையைக் கைமாற்றிவிட்டு மறைகின்றாள். 1970-களில் பிரயன் ஜாக்சன் என்னும் கல்வியாளரும் அவருடைய துணைவர்களும் இத்தகைய தாய்மாரைப் பின்தொடர்ந்து, எந்தெந்தக் கதவுகள் தட்டப்படுகின்றன என்று கண்டறிந்தனர். அவற்றுட் பல, அரசின் பதிவேட்டில் இடம்பெறாத வீடுகள். போதிய இடமோ, விளையாட்டுப் பொருளோ இல்லாத அறைகளில் பிள்ளைகள் பகலெல்லாம் அடைபட்டுக் கிடந்த நிலையையும் அவர்கள் கண்டனர்.

அங்கே சட்டம் இல்லாமலில்லை. கூலி பெற்றுப் பிறர் பிள்ளைகளை வீட்டில் பேணுவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் சட்டம் 1948-லேயே பிறந்துவிட்டது. ஒரே ஒரு பிள்ளையைப் பேணினாலும் பதிவு வேண்டும் என்று 1968-இல் அது இறுக்கப்பட்டது. ஆயினும், விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்க்கு வேண்டியது திறக்கும் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆராய அவளுக்கு நேரமுமில்லை, வழியுமில்லை. அவளுக்காக யாரேனும் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பணியை 2001 முதல் செய்து வருவது ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வு நிறுவனம். அங்கே வீட்டில் குழந்தை பேணுவது விளையாட்டுக் காரியமன்று. ஒருவர் தம் பொறுப்பில் பொதுவாக எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேரையே வைத்துக்கொள்ளலாம். அவருள் ஐந்து வயதுக்குட்பட்ட சிறார் மூவர். ஓராண்டு நிரம்பாத கைக்குழந்தை ஒன்று. காப்பாளர் 12 மணி நேர முதலுதவிப் பயிற்சி பெற்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். அவர் மட்டுமல்லர், அவ்வீட்டில் வாழும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் கடந்த காலமும் குற்றப் பதிவேட்டில் சரிபார்க்கப்படுகிறது. உறங்கும் குழந்தையை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் விதியே. மாடிப்படி, கொதிநீர், சாளரத் திரையின் தொங்கு கயிறு, தோட்டத்துக் குட்டை ஆகியவற்றால் தீங்கு நேராதவாறு முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது காப்பாளரின் கடமை.

ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பார்த்துத் தரமும் அறிவிக்கின்றார். நெடுநாளாக ‘மிகச் சிறப்பு’, ‘நன்று’ என்றாற்போல் ஒரே சொல்லில் முழு மதிப்பீடும் முடிந்தது. ஒரு வீட்டை, அங்கே கழியும் மழலைப் பகலை, ஒற்றைச் சொல்லில் அளந்துவிட முடியுமா? முடியாதென்று உணர்ந்தே, 2025 நவம்பர் முதல் அம்முறையைக் கைவிட்டு, குழந்தை நலம், கற்பித்தல் முதலிய துறைகளுக்குத் தனித்தனியே ஐந்து படிகளில் தரமிடுகின்றனர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தீங்கினின்று குழந்தையைக் காக்கும் ஏற்பாட்டிற்கு மட்டும் படிகள் கிடையா. ‘நிறைவேறியது’ அல்லது ‘நிறைவேறவில்லை’ என்னும் இரண்டே விடைகள்! ஆம், குழந்தையின் பாதுகாப்பில் பாதி மதிப்பெண் என்று ஒன்றுண்டோ?

கண்டிப்பு அளவு மீறுவதும் உண்டு. 2009-இல் தோழியரான இரு பெண் காவலர்கள், ஒருவர் பணியிலிருக்கும்போது மற்றவர் இருவர் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதென மாறி மாறி உதவி வந்தனர். அவ்வுதவியையே கூலியாகக் கணித்து, பதிவின்றி நடத்துவது தவறென அந்நிறுவனம் தடுத்தது. நாடே எதிர்ப்புக் குரல் எழுப்பியபின் நண்பர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இதனினும் கவலைக்குரிய செய்தி வேறு: 2012-இல் 50,000-க்கும் மேலாக இருந்த காப்பாளர் தொகை, இன்று 30,000-க்கும் குறைந்துவிட்டது. குறைந்த வருவாய் ஒரு காரணம். ஏடுகளும் ஆய்வும் தரும் சுமை மற்றொன்று. நல்ல கதவுகள் மூடப்பட்டால், தாய்மார் மீண்டும் அறியாத கதவுகளையே தட்ட நேரிடும். ஆகவே ஆய்வு வேண்டும். ஆயின் நல்லவர்களைச் சோர்வடையச் செய்யாத ஆய்வாக அது இருத்தல் வேண்டும்.

இதை நாம் எழுதக் காரணம் உண்டு. செவிலியராகப் பணிபுரிய அந்நாட்டிற்குச் சென்றுள்ள நம் பெண்மக்கள், இரவுப் பணியோ பகற்பணியோ, தம் பிள்ளைகளை யாரிடமேனும் ஒப்படைக்க வேண்டியவர்களாகின்றனர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். தம்மிடம் விடப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு அதன் படியைத் தருவது காப்பாளரின் கடமை. அறிக்கையின் தேதியையும் பாருங்கள். ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்திருக்கக் கூடும்.

இங்கே அடுத்த தெருவில் பிள்ளையை விட்டுச் செல்லும் பெற்றோருக்கும் இதில் பாடமுண்டு. ‘தெரிந்தவர்தாமே’ என்று கேளாமலிருப்பது பண்பன்று, அசட்டையே. எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? அவ்வேளையில் வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள்? கிணறும் தண்ணீர்த் தொட்டியும் மூடியிருக்கின்றனவா? அடுப்பருகே தவழாமல் யார் பார்ப்பார்? கனிவோடு கேளுங்கள். நல்ல காப்பாளர் இதற்காகச் சினம் கொள்ளமாட்டார். பெற்றோரின் அக்கறை கண்டு மகிழவே செய்வார்.

ஆய்வாளர் காண்பது ஒரு நாள். மாலைதோறும் திரும்பி வரும் குழந்தையின் முகத்தைக் காண்பவர் நாமே. காலையில் அக்கதவருகே சென்றதும் அது தாவிச் செல்கின்றதா, நம் தோளை இறுகப் பற்றுகின்றதா என்பதையும் நாமே அறிவோம். எந்த அறிக்கையிலும் எழுதப்படாத அந்தப் பக்கத்தை நாள்தோறும் படிப்பது பெற்றோராகிய நம் கடமையன்றோ?