கெடையில் விழுந்தால் ஊசியா?

"கெடையில உழுகாமப் போய்ச் சேரோணும்." ஈரோட்டுப் பக்கம் வயதானவர்கள் அடிக்கடி சொல்வது இது. படுத்த படுக்கையாகாமல் செத்துவிட வேண்டும் என்று அர்த்தம். இதைப் பிடித்துக்கொண்டு சிலர் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள்: கருணைக்கொலையைச் சட்டமாக்கினால் பெருசுகளுக்கும் நிம்மதி, வீட்டாருக்கும் நிம்மதி. அவர்கள் அடுக்கும் காரணங்களைப் பார்ப்போம்.

"அவர்களே கேட்கிறார்கள்." கேட்பது சாவையா? படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மகனும் மருமகளும் விசைத்தறிக்கு ஷிப்டு போனால்தான் கூலி. டயப்பர் ஒன்று 30 ரூபாய், நாளைக்கு இரண்டு என்று குறைத்துப் போட்டாலும் மாதம் 1,800 ரூபாய். தமிழகத்தில் 2023இல் உயர்த்தப்பட்ட முதியோர் ஓய்வூதியம் 1,200. இந்தக் கணக்கு படுத்திருப்பவருக்கும் தெரியும். பாரமாகிவிடுவோமோ என்ற அவருடைய பயத்தை விருப்பம் என்று எழுதிக்கொள்வது அநியாயம்.

"உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே?" இல்லை. மீள வழியில்லாத நோயாளிக்கு உயிரைப் பிடித்துவைக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்பதுதான் 2018 மார்ச் 9 தீர்ப்பு. அதற்கும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023இல் நடைமுறை எளிதானது. அத்தகைய சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலுக்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டாம், நோட்டரி போதும் என்றானது. ஊசி போட்டுக் கொல்வது இன்றும் குற்றம்.

"குடும்பம் பாசத்தில்தான் முடிவெடுக்கும்." முதியவர்களை வீட்டாரே சாகடிக்கும் விருதுநகர் வட்டாரத்துத் தலைக்கூத்தலும் பாசத்தின் பெயரில்தான் நடந்தது. 2010இல் அங்கே 80 வயதுப் பெரியவர் ஒருவர், தம் நிலத்தைப் பங்கு போடுவது பற்றி வீட்டார் பேசியதைக் கேட்டு, உறவினர் வீட்டுக்குத் தப்பியோடினார்.

"வெளிநாட்டில் ஒழுங்காக நடக்கிறது." கனடா 2021இல், சாவு நெருங்காத நோயாளிகளுக்கும் மருத்துவர் உதவியோடு சாகும் வழியைத் திறந்துவிட்டது. மறு ஆண்டே அங்கே, ரசாயன வாடை ஒவ்வாத பெண் ஒருவர், தமக்கு ஏற்ற வீடு தேடிச் சலித்து, சட்டப்படியே செத்துப்போனார். வீடு கிடைக்கவில்லை, ஊசி கிடைத்தது.

"படுத்தவரை வருஷக்கணக்கில் யாராலும் பார்க்க முடியாது." மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள், தாக்குதலுக்குப் பின் படுத்த படுக்கையான சக செவிலியர் அருணா ஷான்பாகை 1973 முதல் 2015 வரை பார்த்தார்கள். அவருக்காகக் கருணைக்கொலை கோரிய மனுவை எதிர்த்தவர்களும் அவர்களே. ஆனால் அங்கே முறை மாற்ற ஆள் இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. தறிக்காரர் வீட்டில் இரண்டும் இல்லை. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. ஆனால் செவிலியர் கிளம்பிய பிறகு இரவும் பகலும் குடும்பத்தின் தலையில்தான். ஊசிக்குச் சட்டம் கேட்பவர்கள், வீட்டோடு இருந்து பார்க்கும் பராமரிப்பாளருக்கு அரசுச் சம்பளத்தையும், டயப்பர் செலவையாவது தாங்கும் ஓய்வூதியத்தையும் முதலில் கேட்கட்டும்.