கண்ணாடியில் தெரியும் நீர்மட்டம்



பனி பொழியும் நாடுகளில் கூரையும் சுவரும் மட்டும் வீடாகிவிடுவதில்லை. குளிரைத் தாங்க வெப்பமும் வேண்டும். வட அமெரிக்காவின் பழைய இல்லங்கள் பலவற்றில் அதற்கெனவே நிலவறையில் ஒரு கொதிகலன் உண்டு. அதிலிருந்து நீராவி குழாய்கள் வழியே மேலேறி, அறைகளுக்கு வெப்பம் தந்து, குளிர்ந்து நீராகிக் கலனுக்கே திரும்புகிறது.

கலனின் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் சிறு கண்ணாடிக் குழாய், உள்ளிருக்கும் நீரின் மட்டத்தைக் காட்டும். நீர் வற்றியபின்னும் நெருப்பு எரிந்தால் இரும்பு பழுக்கக் காய்கிறது. அவ்வேளையில் பதறிக் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால், அது நீராவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். கலன் பிளக்கலாம், வெடிக்கவும் கூடும். எனவே முதலில் நெருப்பை அணைக்க வேண்டும். கலன் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்னும் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே ஹார்ட்ஃபோர்டு நகரில் கொதிகலன்களைச் சோதிக்கும் காப்பீட்டு நிறுவனம் ஒன்று தோன்றியது. திரும்பிவரும் குழாயை நீர்மட்டத்திற்குச் சற்றே கீழே வளைத்து இணைக்கும் முறையை அது 1919-இல் பரிந்துரைத்தது. அடிக்குழாய் ஒழுகினாலும் கலன் முற்றிலும் வற்றாதிருக்க அவ்வளைவு உதவுகிறது.

ஆயினும் கண்ணாடியும் ஏமாற்றக்கூடும். துருச்சேறு அடைத்துக்கொண்டால், கலனில் நீர் குறைந்தாலும் கண்ணாடியில் மட்டம் அசையாது நிற்கும். ஆகையால் கண்ணாடியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடித்து, மூடியதும் மட்டம் விரைந்து ஏறுகிறதா எனப் பார்ப்பர். ஏறத் தயங்கினால் அடைப்பு உண்டென்று பொருள்.

நம் இல்லங்களிலும் இத்தகைய கண்ணாடிகள் இல்லையா? "நலமா?" என்றால் "நலமே" என்கிறோம், முகம் அசைவதில்லை. உள்ளே அன்பு வற்றிக்கொண்டிருப்பது கணவனுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. ஒரு நாள் சினம் பழுக்கக் காய்கிறது. அவ்வேளையில் ஊற்றும் நல்லுரையும் வெடியாகிறது. அப்போது வேண்டியது அறிவுரை அன்று, சற்று மௌனம். நெருப்பு தணிந்தபின் பேசலாம்.

அதனினும் மேலானது, அமைதியான நாளிலேயே மட்டம் பார்ப்பது. விவேகமுள்ள கன்னியர் மணமகன் வருமுன்னரே எண்ணெயைச் சேமித்து வைத்தனர் அன்றோ? இரவுச் செபம் முடிந்ததும் ஆன்ம சோதனைக்குச் சிறிது நேரம் ஒதுக்குவோம். பின்பு கணவனும் மனைவியும் மனந்திறந்து ஒருவரையொருவர் கேட்போம்; பிள்ளைகளையும் கேட்போம். விடை வரத் தயங்கினால், அங்கே அடைப்பு உண்டென்று அறிந்து, அன்போடு அதை நீக்க முற்படுவோம்.